ஆறாம் கட்டையும் கட்டைவிரலும்

அன்று காலை ஐந்தரை மணி தொடக்கம் என் பெயர் ‘ஆறாம் கட்டை’, அதாவது ஆறாவது மைல்கல். வீட்டில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் ‘சேர்’, பொழுதுபோக்காக வானலையில் கதைக்கிறவர்களுக்குக் கொடுக்கும் அமெச்சூர் ரேடியோ அனுமதிப்பத்திரத்தில் 4எஸ் என்று தொடங்கும் அழைப்புக்குறி. ஆனாலும் நிலாவெளியிலிருந்து திருகோணமலை நகருக்கு 15 கிலோமீற்றர் ஓட்டப் போட்டி நடக்கிற நாளில், வழிநெடுக ரேடியோவோடு நின்று தகவல் சொல்கிறவர்களில் ஒருவனான எனக்கு நான் நிற்கும் இடம்தான் பெயர். மற்றவர்களும் அப்படியே. ஒருவர் ‘சாம்பல்தீவு’, இன்னொருவர் ‘உப்புவெளி’. தண்ணீர் கொடுக்கும் இடங்களில் நிற்கும் இரண்டு பெடியன்கள் ‘தண்ணி ஒன்று’, ‘தண்ணி இரண்டு’. நகரத்து மைதானத்தில் நிற்பவர் ‘முடிவு’. உவர்மலையில் ஒரு வீட்டின் மேல்மாடியில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பவர் ‘கொன்ட்ரோல்’. வயதில் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர், கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நேரில் அவரை அண்ணை என்போம். வானலையில் அண்ணை, தம்பி இல்லை.

ஏன் இடத்தின் பெயர் என்று கேட்பார்கள். தண்ணி இரண்டில் நிற்கிறவனுக்கு வயிற்றைக் கலக்கி, அவன் தம்பி வந்து ரேடியோவை வாங்கினாலும் தண்ணி இரண்டு தண்ணி இரண்டுதான். கொன்ட்ரோலுக்கு யார் கதைக்கிறார் என்பது முக்கியமில்லை, எங்கிருந்து கதைக்கிறார் என்பதுதான் முக்கியம். சட்டத்துக்காக இடையிடையே உண்மையான அழைப்புக்குறியையும் சொல்லிக்கொள்வோம்.

போட்டியை நடத்துகிற விளையாட்டுக் கழகத்துப் பெடியன் ஒருவன் முதல் கூட்டத்திலேயே கேட்டான்: “சேர், எல்லார்ட்ட கையிலயும் போன் இருக்கு. பிறகேன் வோக்கி?”

நியாயமான கேள்வி. நிலாவெளி வீதியில் போனுக்கு சிக்னல் நன்றாகவே இருக்கிறது. நான் அவனுக்கு நேரே விடை சொல்லவில்லை. “தண்ணி இரண்டில தண்ணி முடிஞ்சா நீ என்ன செய்வாய்?” என்று கேட்டேன். லொறிக்காரனுக்கு எடுப்பேன் என்றான். லொறிக்காரன் வேறு யாருடனோ கதைத்துக்கொண்டிருந்தால்? திரும்ப எடுப்பேன். அவன் பனிக்கட்டி ஏற்ற எங்கே போயிருக்கிறான் என்று உனக்குத் தெரியாதே? வேறு யாரிடமாவது கேட்பேன். இப்படி நாலு பேருக்கு எடுத்து முடிக்கப் பத்து நிமிடம். போன் ஒருவரை ஒருவரோடு இணைக்கிறது. ரேடியோவில் ஒருவர் சொன்னால் எல்லோருக்கும் கேட்கிறது. தண்ணி இரண்டு ஒருமுறை வாய் திறந்தால் கொன்ட்ரோலும் கேட்கிறார், லொறியில் இருக்கிறவரும் கேட்கிறார், கேட்கவேண்டிய தேவையே இல்லாத நானும் கேட்கிறேன். அந்தத் தேவையில்லாத கேட்பில்தான் விஷயமே இருக்கிறது. லொறி என்னைத் தாண்டி எதிர்ப்பக்கம் போவதை நான் கண்டிருந்தால், யாரும் கேட்காமலே சொல்லலாம்.

வோக்கி என்ற சொல்லை இந்த ஊரில் சும்மா சொல்லிவிட முடியாது. தொண்ணூறுகளில் நான் இளந்தாரி. அப்போது திருகோணமலையில் கையில் வோக்கி வைத்திருந்தவர்கள் இரண்டே வகை, இரண்டு வகையையும் கண்டால் விலகி நடப்போம். சோதனைச் சாவடியில் டோர்ச் பற்றறிக்கே கணக்குச் சொன்ன காலம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் மச்சான், அங்கே பற்றறி இல்லாமல் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோ சுற்றிச் செய்தி கேட்ட கதையைச் சிரித்துச் சிரித்துச் சொல்வான். கேட்ட எங்களுக்குச் சிரிப்பு வராது. நான் முதன்முதலாக ஒரு கைரேடியோவை வீட்டுக்குக் கொண்டுவந்தது போர் முடிந்து பல வருடங்களுக்குப் பிறகு. சட்டப்படி சோதனை எழுதி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தேன். அம்மா அதைப் பார்த்தா, ரேடியோவைப் பார்த்தா. “உதைக் கொண்டு ரோட்டில திரியாதை” என்றா. இன்றைக்கும் நான் அதை வெளியே எடுக்கும்போது அனுமதிப்பத்திரத்தின் பிரதி ஒன்று சட்டைப் பையில் இருக்கும். கேட்டவர் எவருமில்லை. ஆனாலும் இருக்கும்.

எனக்கு ரேடியோ ஆசை வந்தது அதற்கும் முந்தி. திருகோணமலைக்கு வடக்கே, பேர்க்கரையில் ஜெர்மன்காரரின் டொய்ச் வெல்லே அஞ்சல் நிலையம் 1984 இல் தொடங்கியது. 2013 இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்குப் போனது. பஸ்ஸில் போகும்போது அந்தக் கோபுரங்களைப் பார்த்து, ரேடியோவில் பேசுவதென்றால் அவ்வளவு இரும்பு வேண்டும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு அண்ணை தன் வளவில் இரண்டு தென்னைகளுக்கு நடுவே 20 மீற்றர் செப்புக் கம்பியை இழுத்துக் கட்டி, நடுவில் வெட்டி ஒரு வயரைப் பொருத்தி, 7 மெகாஹேர்ட்ஸில் இந்தியாக்காரர் ஒருவரோடு மழை பெய்கிறதா என்று கதைத்ததைப் பார்த்தேன். அந்த இரவு எனக்கு நித்திரையில்லை. அந்த நீளம் சும்மா வந்ததில்லை, அலைநீளத்தில் பாதி. வகுப்பில் நான் வருடக்கணக்காகக் கரும்பலகையில் எழுதிய அதே சமன்பாடு, தென்னையில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஓட்டப் போட்டிக்கு அந்த நீளக் கம்பி உதவாது. நாங்கள் பயன்படுத்துவது 2 மீற்றர் பட்டை, 144 மெகாஹேர்ட்ஸுக்கு மேலே. இந்த அலை கிட்டத்தட்டக் கண் பார்வை போல நேரே போகும். நிலத்தில் நிற்கிற இரண்டு பேர் 5 வாற் கைரேடியோவை வைத்துக்கொண்டு தென்னந்தோப்பையும் சுவர்களையும் தாண்டி இரண்டு மூன்று கிலோமீற்றர் கதைத்தாலே பெரிய விஷயம். அதனால்தான் கொன்ட்ரோல் உவர்மலையில். அங்கே மேல்மாடியில் ஒரு மூங்கிலைக் கட்டி, பழைய ரீவி அன்ரெனாவின் தட்டை வயரை வெட்டிச் செய்த அன்ரெனாவைத் தொங்கவிட்டிருந்தார் அண்ணை. கடையில் வாங்கியதென்றால் மூங்கில் மட்டும்தான். உயரத்திலிருந்து அவருக்கு எல்லோரும் கேட்கும். எனக்கும் நிலாவெளிக்கும் நேரடித் தொடர்பு வராவிட்டாலும் அவர் வாங்கிக் கொடுப்பார்.

இந்த வேலைக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேட்கிறவர்களுக்காக: பணிஸ் ஒன்று, பிளேன்ரீ ஒன்று, மத்தியானம் சோத்துப் பார்சல். அமெச்சூர் ரேடியோவில் காசுக்கு வேலை செய்ய முடியாது. உலகம் முழுக்க விதி அதுதான். சோத்துப் பார்சல் காசில்லை என்பது எங்கள் வியாக்கியானம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த வேலையின் முழு வித்தையும் கட்டைவிரலில் இருக்கிறது. கைரேடியோவின் பக்கத்தில் ஒரு பட்டன். அழுத்தினால் பேசலாம், ஆனால் கேட்காது. விட்டால் கேட்கலாம், ஆனால் பேச முடியாது. போனில் இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால் நாம் ஒருவருக்கு மேல் ஒருவர் விழுந்து கதைத்துப் பழகிவிட்டோம். இங்கே அது நடக்காது. அழுத்தி, ஒரு விநாடி பொறுத்து, சொல்லி, முடித்து, பிறகு விடவேண்டும். அழுத்திய கையோடு பேசினால் முதல் சொல் விழுங்கப்படும். பேச்சு முடியுமுன் விட்டால் கடைசிச் சொல் போய்விடும்.

இந்தக் கடைசிச் சொல்லில்தான் தமிழ் எங்களைக் கவிழ்த்தது. ஆங்கிலத்தில் ‘நோ’ முன்னுக்கே வந்துவிடுகிறது. தமிழில் ஓமா இல்லையா என்பதை வாக்கியத்தின் வாலில்தான் வைக்கிறோம். ஒரு பயிற்சியின்போது உப்புவெளியில் நின்றவர் கத்தினார்: “கொன்ட்ரோல், ஒருத்தர் காலைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறார், அம்புலன்ஸ் தேவை—” அவ்வளவுதான் எங்களுக்குக் கேட்டது. முதலுதவி வான் பறந்தது. போய்ப் பார்த்தால், காலைப் பிடித்திருந்தவர் எழும்பி நின்று சோடா குடிக்கிறார். இவர் சொன்னது “அம்புலன்ஸ் தேவையில்லை”. ‘இல்லை’ வாயிலிருந்து வந்தபோது கட்டைவிரல் பட்டனில் இல்லை.

சிங்களமும் அதே சாதி. அங்கேயும் ‘நே’ கடைசியில்தான். எங்கள் குழுவில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூன்று பேரும் உண்டு, திருகோணமலையில் அது இல்லாமல் எதுவும் இல்லை. வானலையில் எண்களும் எழுத்துகளும் ஆங்கிலத்தில், இடங்கள் ஊர்ப்பெயரில், அவசரம் வந்தால் அவரவர் தாய்மொழியில். எல்லோரும் உட்கார்ந்து ஒரு விதி செய்தோம்: வால் முன்னுக்கு வரவேண்டும். “இல்லை. அம்புலன்ஸ் தேவையில்லை.” “ஓம். தண்ணி வேணும்.” கேட்கச் சின்னப்பிள்ளை பேச்சு மாதிரி இருக்கும். இருக்கட்டும். இலக்கணப் புத்தகத்தில் பயனிலை எங்கே வரவேண்டும் என்று எழுதினவர் கையில் பட்டன் இருக்கவில்லை.

இவ்வளவு ஞானம் சொல்கிறவன் செய்ததை இனிக் கேளுங்கள்.

போட்டியன்று ஏழரை மணிபோல ஒரு சின்னத் தூறல். நான் ஒரு வேப்பமரத்தடியில் நின்ற ஓட்டோவில் ஏறி உட்கார்ந்தேன். ரேடியோ இடுப்பில், அதிலிருந்து வயரில் வரும் கைமைக் மடியில். ஓட்டோக்காரத் தம்பி நல்ல கதைகாரன். ஓட்டக்காரர் இன்னும் என் இடத்துக்கு வரவில்லை. வானலையும் அமைதியாக இருந்தது. அந்த அமைதியைப் பற்றிக்கூட அவனிடம் சொன்னேன்: “இண்டைக்குத்தான் எங்கட ஆக்கள் ஒழுங்காக் கதைக்காமல் இருக்கினம்.” பிறகு பணிஸ் நேற்றையது என்ற என் ஐயத்தைச் சொன்னேன். போட்டி ஏற்பாட்டாளர்களின் கணக்குவழக்குத் திறமை பற்றி ஒரு கருத்து. பெரிய மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளை வீட்டார் பற்றி இரண்டு கருத்து. கடைசியாக, கொன்ட்ரோலில் இருக்கும் மனிசன் கப்பலில் கப்டனாக இருந்தவர் போல அதட்டுகிறார், உண்மையில் அவர் அங்கே என்ன வேலை பார்த்தார் என்று எனக்குத் தெரியும் என்றேன்.

இடையில் தொடை சுட்டது. ஓட்டோ எஞ்சின் சூடு என்று நினைத்து மறுபக்கம் சரிந்து உட்கார்ந்தேன்.

எஞ்சின் ஓடவேயில்லை. கைமைக் சீற்றுக்கும் தொடைக்கும் இடையில் மாட்டி, பட்டன் அழுந்தி, என் ரேடியோ 5 வாற்றில் ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. சூடு அதன் சூடு. வானலை அமைதியாக இருந்ததற்குக் காரணம் நான்தான். நான் அனுப்பிக்கொண்டிருக்கும்வரை எனக்கு எதுவும் கேட்காது. நாங்கள் பயன்படுத்தும் எஃப்.எம். முறையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் அனுப்பினால் பலமான அலை மற்றதை விழுங்கிவிடும். அதனால் என்னைத் தாண்டி யாராலும் ஒரு சொல் உள்ளே விட முடியவில்லை. தொடர்ந்து ஒரு நிமிடத்துக்கு மேல் அனுப்பினால் தானாக நிறுத்தும் வசதி என் ரேடியோவில் இருக்கிறது. அதை நிறுத்தி வைத்திருந்தவனும் நான்தான், நீண்ட கதைகளுக்கு இடைஞ்சல் என்று.

பதினோராவது நிமிடத்தில் தண்ணி இரண்டிலிருந்து ஒரு பெடியன் சைக்கிளை மிதித்து மிதித்து வந்தான். மூச்சு வாங்க நின்றான். ஒன்றும் சொல்லாமல் என் தொடையைக் காட்டினான். எழும்பினேன். ‘கிளிக்’ என்று ஒரு சத்தம். அடுத்த கணமே ரேடியோவில் அண்ணையின் குரல், மிக அமைதியாக: “ஆறாம் கட்டை, பணிஸ் நேற்றையதில்லை. கொன்ட்ரோல்.”

அந்தப் பதினொரு நிமிடத்தில் நடந்ததைப் பிறகுதான் அறிந்தேன். முதல் நிமிடத்துக்குள்ளேயே எல்லோரும், முன்கூட்டியே பேசி வைத்திருந்த இரண்டாவது அலைவரிசைக்கு மாறிவிட்டார்கள். ஒரு வோக்கி மாட்டிக்கொள்ளும் என்று எதிர்பார்த்துத்தான் அந்த இரண்டாவது அலைவரிசையையே வைத்திருந்தோம். அந்த ஆலோசனையைக் கூட்டத்தில் சொன்னவன் யாரென்று எழுதவில்லை, நீங்களே ஊகிப்பீர்கள். அதே நேரத்தில் என் இடத்துக்கு வரும் வழியில், நான் எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் தூரத்தில், ஒரு பிள்ளை தலைசுற்றி மதகில் உட்கார்ந்துவிட்டாள். அதைக் கண்ட சாம்பல்தீவு என்னைக் கூப்பிட்டிருக்கிறார், கூப்பிட்டிருக்கிறார். நான் மாப்பிள்ளை வீட்டாரோடு இருந்தேன். கடைசியில் முதலுதவி வான்தான் போனது. நிழலில் வைத்து ஜீவனி என்ற உப்புக்கரைசல் தூளைக் கரைத்துக் கொடுத்ததும் தெளிந்துவிட்டாள். தெளியாவிட்டால் அம்புலன்ஸுக்கு, 1990 க்கு, அடிக்கத் தயாராக இருந்தார்கள். அவள் அப்பா என்னைக் கடந்து மோட்டார்சைக்கிளில் போனபோது நான் கையாட்டியது நினைவிருக்கிறது. அவர் கையாட்டவில்லை.

அந்த வீதியில்தான் இரண்டாம் உலகப்போரில் இறந்த படைவீரர்களின் யுத்த மயானம் இருக்கிறது. என் பணி முடிய நேரமிருந்ததால் அதன் மதிற்கரையில் போய் நின்றேன். 1942 ஏப்ரல் 4 ஆம் திகதி, கொக்கலையிலிருந்து பறந்த கற்றலினா விமானத்தின் விமானி பேர்ச்சல் தெற்குக் கடலில் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டார். அவருடைய ஆட்கள் மோர்ஸில் இடம், திசை, வேகம் என்று அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டார்கள். அடுத்த நாள் கொழும்பில் குண்டு விழுந்தது, 9 ஆம் திகதி திருகோணமலையில். ஆனால் செய்தி முந்திப் போய்விட்டிருந்தது. அவர்களுக்குக் கிடைத்தது சில நிமிடம். எனக்குப் பதினொன்று கிடைத்தது. ஒப்பிடக் கூடாதுதான், ஆனால் அந்த மதிலோரம் நிற்கும்போது வேறு எதை நினைப்பது?

எங்களை ஓட்டப் போட்டிக்கும் தேர்த்திருவிழாவுக்கும் எதற்குப் போகிறீர்கள், பேரிடருக்குத்தானே ரேடியோ என்று கேட்கிறவர்கள் உண்டு. 2004 டிசம்பர் 26 க்குப் பிறகு அம்பாந்தோட்டையில் போன் எல்லாம் செத்துக் கிடந்தபோது, இலங்கை ரேடியோ சங்கத்தின் அப்போதைய தலைவர் விக்டர் குணதிலக்க கொழும்பில் பிரதமர் அலுவலகத்தில் ஒரு சிற்றலைக் கருவியை வைக்க, அவருடைய சகாக்கள் இன்னொரு கருவியோடு அம்பாந்தோட்டைக்குப் போய்த் தொடர்பு ஏற்படுத்தினார்கள். சுனாமி வந்த அன்றே அந்தமானில் போர்ட் பிளேயரில், உலகம் முழுக்க உள்ள ஹாம்களோடு, அதாவது எங்களைப் போன்ற அமெச்சூர் ரேடியோக்காரரோடு, பொழுதுபோக்காகக் கதைக்க வந்திருந்த பாரதி பிரசாத், அந்தக் கருவிகளையே அவசரத் தொடர்புக்குத் திருப்பிவிட்டார். இவர்களுக்கு அன்றைக்குப் புதிதாக எதையும் படிக்க நேரமிருக்கவில்லை. ஏற்கெனவே கை பழகியிருந்தது.

எங்கள் கை பழகுவது இப்படித்தான், பணிஸும் மாப்பிள்ளை வீட்டாரும் கலந்து. 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியபோது மின்சாரம் போய், இருட்டில் அம்மா செபமாலை மாதிரி என் ரேடியோவைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தா. ரோட்டில் திரியாதை என்று சொன்ன அதே அம்மா. “அண்ணை கேட்குதோ எண்டு பார்” என்றா. கேட்டது. இரண்டு பேரும் இருக்கிறோம் என்பதைத் தவிர அன்று சொல்ல எங்களிடம் ஒன்றுமிருக்கவில்லை. புயல் பயந்த அளவுக்கு அடிக்கவில்லை. ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை “இருக்கிறேன்”, “இருக்கிறேன்” என்று விடியும்வரை சொல்லிக்கொண்டிருந்தோம்.

போட்டியன்று மிச்சம் பெரிய சம்பவம் ஒன்றுதான். ‘முடிவு’ கூப்பிட்டார்: “கொன்ட்ரோல், மான் வந்திட்டுது.” மான் என்று பெயரில் யார் ஓடுகிறார் என்று கொன்ட்ரோல் பட்டியலைத் தேடினார். பெயரில்லை. உண்மையான மான். கோட்டைப் பக்கத்து மான்கள் நகருக்குள் மாடு மாதிரித் திரிவது ஊரறிந்தது. அதில் இரண்டு வந்து முடிவுக்கோட்டில் கட்டியிருந்த மாவிலைத் தோரணத்தைத் தின்றுகொண்டிருந்தன. முதல் ஓட்டக்காரர் வர இன்னும் மூன்று நிமிடம். உப்புவெளியும் சாம்பல்தீவும் நானும் வழிநெடுகக் கேட்டுக்கொண்டிருந்தோம், ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் முடிவு சொன்னார்: “ஓம். தோரணம் முடிஞ்சுது.” வால் முன்னுக்கு வந்துவிட்டது.

கடைசியாக ஓடினவர் அறுபது வயதுக்கு மேற்பட்ட ஓர் ஐயா, என்னைக் கடக்கும்போது பத்து மணிக்குக் கிட்ட. அவருக்குப் பின்னால் வருகிற வாகனமும் போன பிறகு அழைத்தேன். அழுத்தி, ஒரு விநாடி பொறுத்து:

“கொன்ட்ரோல், ஆறாம் கட்டை. ஓம், கடைசி ஆள் கடந்திட்டார். இங்கே மூடுகிறேன்.”

“ஆறாம் கட்டை, விளங்கியது. நல்ல வேலை.” ஒரு இடைவெளி. “இனிக் கையை எடுங்கோ, சேர்.”